லேபிள் இல்லாத டப்பா

ஜூலை 7, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நானாக ஆசைப்பட்டு உட்காரவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு தடியான நோட்டை நான் தொட்டதே கிடையாது.

திருப்பூரில் தோல் டாக்டர் மெஹருன்னிசா மூன்று மணி நேரம் காக்க வைத்து மூன்று நிமிடம் பார்த்தார். என் கன்னத்தில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டே, "என்ன போட்டீங்க?" என்றார்.

"சாதாரண க்ரீம்தானுங்க."

"பேரு?"

"ஞாபகமில்லீங்க."

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு வருஷம் இருக்குமுங்க." நாலு வருஷம்.

"என்ன வேலை செய்றீங்க?"

"தாராபுரத்துல பியூட்டி பார்லர் வெச்சிருக்கேனுங்க."

அதற்கு அவர் சிரித்திருக்க வேண்டாம்.

பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் முகத்தில் தேய்த்தது ஸ்டீராய்டு சேர்ந்த ஆயின்ட்மென்டாம். படை, அரிப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வாரம், பத்து நாள் போடுவதாம். அதை வருஷக்கணக்கில் முகத்தில் போட்டதால் தோல் மெலிந்துவிட்டதாம். "போடற வரைக்கும் பளபளன்னு இருக்கும். நிறுத்தினா சிவந்து, எரிஞ்சு, பரு கொட்டும். மறுபடி போட்டா அடங்கும். அடங்குதேன்னு போட்டுட்டே இருந்தா அதுல இருந்து வெளியவே வர முடியாது."

எனக்கு நடந்ததும் அதேதான். போன மாதம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு ஈரோடு போனபோது க்ரீம் டப்பாவை மறந்துவிட்டேன். எட்டு நாள் போடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள்.

இரண்டே மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் மாதிரி நாலு நாளில் போகாதாம், மாதக்கணக்கில் ஆகுமாம். தினமும் முகத்தில் என்ன பட்டது என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். "உங்க வாயை நம்ப முடியல" என்று என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னார். இந்த மனுஷன் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார்!

இன்று முகத்தில்: தண்ணீர், டாக்டர் கொடுத்த ஈரப்பதக் க்ரீம், சன்ஸ்கிரீன். மிளகாய் அரைத்த கையால் தடவியது போலக் காந்துகிறது.

ஜூலை 8, செவ்வாய்

மாஸ்க் போட்டுக்கொண்டு கடை திறந்தேன். கேட்டவர்களிடம் தூசி அலர்ஜி என்றேன்.

இந்த ஊர்ப் பெண்களுக்கு முகம் என்றால் பித்தளைப் பாத்திரம் என்று நினைப்பு. போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்! காலையில் ஒருத்தி எலுமிச்சையையும் சர்க்கரையையும் வைத்துத் தேய்த்து மூக்கோரம் தோலை உரித்துக்கொண்டு வந்தாள். அடுத்தவள் பருவுக்குப் பற்பசை வைத்துக் கறுப்பாக்கி வந்தாள். காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி போனில் பார்த்து நாலு சீரம் வாங்கி, நாலையும் ஒரே நாளில் பூசிவிட்டு, எதனால் எரிகிறது என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

"புதுசா எது வாங்குனாலும் ஒண்ணொண்ணாப் போடு கண்ணு. முதல்ல காதுக்குப் பின்னால, தாடைக்குக் கீழே கொஞ்சம் தடவி நாலு நாள் பாரு. ஒத்துக்கிட்டா மூஞ்சிக்கு வா" என்றேன்.

"அவ்வளவு நாள் யாருங்க்கா காத்திருக்கறது?" என்றாள்.

இன்னொரு அம்மாள் ஒரு நாளைக்கு ஏழு தடவை சோப்புப் போட்டு முகம் கழுவுகிறாராம். எண்ணெய் வழிகிறதாம். கழுவக் கழுவத்தான் இன்னும் வழியும், இரண்டு தடவை போதும், துணி துவைக்கிற கணக்கில் கழுவாதீர்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

மாலையில் தாரணி வந்தாள். ஆகஸ்ட் 29 கல்யாணம், நம் கடையில்தான் எல்லாம். அடுத்த தெருப் பெண். பத்தாவது படிக்கும்போது முதன்முதலாகப் புருவம் திருத்த என்னிடம் வந்து, நூல் படும் முன்பே அழுதவள். இப்போது ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். தை மாதம் நிச்சயம் ஆனதிலிருந்து என் க்ரீமைத்தான் போடுகிறாள். கன்னம் ரெண்டும் கண்ணாடி.

டப்பா தீர்ந்துவிட்டதாம். புதிது கொடுத்தேன்.

இன்று முகத்தில்: அதே இரண்டு.

ஜூலை 9, புதன்

அதே இரண்டு. எரிச்சல் அப்படியே.

ஜூலை 12, சனி

டாக்டரம்மா இந்த நோட்டைப் படிக்கப் போகிறார் என்பதால் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அந்தக் க்ரீமை நான் எந்தக் கெட்ட எண்ணத்திலும் செய்யவில்லை. கோயம்புத்தூரில் பயிற்சிக்குப் போனபோது அங்கே மேடம் கற்றுக்கொடுத்தது. கற்றாழை ஜெல், வைட்டமின் மாத்திரை, பன்னீர், அதோடு மெடிக்கலில் கிடைக்கும் அந்த ஆயின்ட்மென்ட் ட்யூப் ஒன்று. நன்றாகக் கலக்கி வெள்ளை டப்பாவில் அடைக்க வேண்டியது. லேபிள் கிடையாது. என் பேரை வைத்து ஊரில் எல்லாரும் கோகிலா க்ரீம் என்பார்கள். ட்யூபை சம்பத்தண்ணன் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுப்பார். டாக்டர் சீட்டு வேண்டும் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எல்லா பார்லரிலும் ஏதாவது ஒன்று இப்படிக் கலக்கத்தான் செய்கிறார்கள். என்னை மட்டும் சொன்னால் எப்படி?

என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் மோட்டார் காயில் கட்டுகிறவர். வாயைத் திறந்தால் மூன்று வார்த்தை. மத்தியானம் சோறு போட்டபோது திடீரென்று கேட்கிறார்.

"அதே க்ரீமைத்தானே தாரணிப் புள்ளைக்குங் குடுக்கறே?"

"அவ தோலு வேற, என்ற தோலு வேற."

"செரி."

"என்ன செரி? அவளுக்கு ஒண்ணும் ஆகலயில்ல?"

"உனக்கும் நாலு வருஷம் ஒண்ணும் ஆகல" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ரசச் சட்டியைக் கவிழ்த்திருப்பேன். அப்புறம் நான்தான் துடைக்க வேண்டும்.

இன்று முகத்தில்: அதே இரண்டு. தாடையில் புதிதாக ஆறு பரு.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, கடையில் ஈ ஓட்டுகிறேன். சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது. க்ரீம் வாங்குகிறவர்கள் ஆறேழு பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர்களை எழுதிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், பதினாறு. அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று வாங்கிப் போகிறவர்களையும் சேர்த்தால் பத்தொன்பது.

இதில் ஆறு மாதமாக விடாமல் போடுகிறவள் தாரணி. நிறுத்தினால் அவளுக்கும் இப்படி ஆகுமா? கல்யாணம் முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டால் என்ன? இந்த ஒரே கேள்வி நாள் முழுக்கக் காதில் கொசு மாதிரி சுற்றுகிறது.

ஜூலை 21, திங்கள்

ஈஸ்வரனோடு மறுபடி திருப்பூர். டாக்டரம்மா நோட்டை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜூலை 17-ஐக் கிழித்துவிட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். (அது இப்போது மறுபடி ஒட்டியிருக்கிறது.) தாரணி பெயர் வரும் மற்ற பக்கங்களைக் கிழிக்க மறந்துவிட்டேன்.

அது தெரியாமல், "தெரிஞ்ச ஒரு பொண்ணுங்க. ஆறு மாசமா இது மாதிரி ஏதோ போடறாளாமுங்க" என்று ஆரம்பித்தேன்.

"கல்யாணம் ஆகஸ்ட் 29தானே?" என்றார். நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. "கூட்டிட்டு வாங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, திடீர்னு நிறுத்தக் கூடாது. மெதுவா இறக்கணும், கூடவே வேற மருந்து குடுக்கணும். இப்ப வந்தா கல்யாணத்தன்னிக்குக் கொஞ்சம் சிவப்பு இருக்கும், அவ்வளவுதான். தள்ளிப்போட்டா உங்களை மாதிரி."

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்தேன். தாரணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். தாரணி, அந்தக் க்ரீம் இருக்குதில்ல. காங்கயம் வருவதற்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பத்தும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

தாரணி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சிவகாமியக்கா காபி கொடுத்தார். கூரைப் புடவை எடுத்தாகிவிட்டதாம், விரித்துக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி மறுபடி நிச்சய போட்டோவைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு என்ன லட்சணம் என்கிறார்களாம். "எல்லாம் உன்ற கைராசிதாங் கோகிலா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கையோடு நான் என்னத்தைச் சொல்வது? ரவிக்கை அளவு சரியா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 23, புதன்

வழி கிடைத்துவிட்டது. ட்யூப் சேர்க்காமல் வெறும் கற்றாழை ஜெல்லும் பன்னீரும் மட்டும் கலக்கி ஒரு டப்பா தயார் செய்தேன். அதே வெள்ளை டப்பா. தாரணி வேலை முடிந்து போகும்போது கூப்பிட்டு, இது புதுசாகக் கலக்கினது, பழையதைக் கொடுத்துவிட்டு இதைப் போடு என்றேன். வீட்டுக்குப் போய்ப் பழையதை எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டு போனாள். பழையதைக் குப்பையில் போட்டேன்.

அவளுக்கும் தெரிய வேண்டாம், அவள் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். விஷயம் முடிந்தது. டாக்டர் சொன்னது என் மாதிரி நாலு வருஷம் போட்டவர்களுக்கு. ஆறு மாதத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

இன்று முகத்தில்: அதே இரண்டு. எரிச்சல் ஒரு துளி குறைவு. நல்ல சகுனம்.

ஜூலை 28, திங்கள்

தாரணியை வழியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் தேவையில்லாமல் பயந்து செத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அமராவதிக் கரையில் ஊரே நிற்கிறது. நான் தேங்காய்ப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தாரணி போன் செய்தாள்.

"அக்கா, க்ரீம்ல எதாச்சும் மாத்தினீங்களா?"

"இல்லயே, ஏன் கண்ணு?"

"வாசம் வேற மாதிரி இருந்துச்சு, அதாங் கேட்டேன். ரெண்டு நாளா மூஞ்சி அரிக்குது. நேத்து எலுமிச்சம்பழம் தேச்சு ஆவி புடிச்சேன். இன்னைக்கு வீங்கிருச்சுங்க்கா."

எலுமிச்சம்பழம்! ஏற்கெனவே வெந்து கிடக்கிற தோலில் எலுமிச்சம்பழம், அதன் மேல் ஆவி! யார் சொன்னது என்று கத்தினேன். போனில் பார்த்தாளாம். மூஞ்சியில் எதையும் வைக்காதே, பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. ஈஸ்வரன் வந்து அடுப்பை அணைத்தார். "என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார். டப்பா மாற்றியதைச் சொன்னேன்.

"திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னப்ப நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இதை டாக்டருக்காக எழுதவில்லை.

தாரணியே காலையில் கடைக்கு வந்துவிட்டாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். எடுத்தாள். கன்னம் இரண்டும் கன்றிப்போய், மூக்கோரமெல்லாம் சீழ்ப்பரு. ஒரு மாதம் முன்னால் என் கண்ணாடியில் நின்றவள் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒத்திகை பார்த்த பத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

என் கன்னத்தைப் பார்த்தாள். "தூசி அலர்ஜின்னீங்க."

"க்ரீம்தான் தாரணி. அதுல ஒரு மருந்து கலக்கறேன். அது மூஞ்சிக்குப் போடற மருந்தில்ல. நிறுத்துனா இப்பிடி ஆகும். போன வாட்டி உனக்குக் குடுத்தது மருந்து இல்லாதது. உனக்குத் தெரியாம நிறுத்திரலாம்னு..."

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"போன மாசம் ஏழாம் தேதி டாக்டர் சொன்னாங்க."

அவள் விரல் விட்டு எண்ணுவதுபோல உதட்டை அசைத்தாள். "நான் எட்டாம் தேதி வந்து டப்பா வாங்கினேன்."

"ஆமா."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் இறங்கிப் போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் சிவகாமியக்கா வந்தார். தெருவே கேட்கக் கத்துவார் என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவர் கத்தவில்லை. கிட்டே வந்து ரகசியம் போலச் சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. இத யார்கிட்டயும் மூச்சு விடாதே. கல்யாணம் முடியற வரைக்கும் பழைய க்ரீமையே குடு, அப்பறம் பாத்துக்கலாம். இந்த மூஞ்சியோட எப்பிடி மணவறையில உக்கார வைப்பேன்?"

"அதப் போட்டா இன்னும் கெட்டுப்போகுமுங்க்கா."

"இருவத்தஞ்சு நாள்தாங் கோகிலா. குடுன்னா குடு!"

டிராயரில் இரண்டு டப்பா இருந்தது. கொடுத்தால் நாலே நாளில் அந்தப் பெண் முகம் பளபளவென்று ஆகிவிடும். எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். எனக்கும் மறுபடி கைராசி. அரை நிமிடம் டிராயரில் கையை வைத்துக்கொண்டுதான் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு டப்பாவையும் திறந்து, வாஷ்பேசினில் வழித்துப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டேன். சிவகாமியக்கா அப்போதுதான் கத்தினார். என்னென்ன சொன்னார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் முகத்தைக் காட்ட டாக்டரிடம் போகக் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நின்றபோது தாரணி வந்து நின்றாள். டாக்டர் விலாசத்தை நேற்று ஈஸ்வரன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. திருப்பூர் வரைக்கும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

டாக்டரம்மா அவளை முக்கால் மணி நேரம் பார்த்தார். மெதுவாக இறக்குகிற மருந்து, வீக்கத்துக்கு மாத்திரை, தடவ ஒன்று. சன்ஸ்கிரீனைக் கடுகளவு வைத்துத் தேய்க்காமல் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் போட வேண்டும், வீட்டுக்குள் இருந்தாலும் போட வேண்டும். எலுமிச்சை, ஆவி, மஞ்சள், ப்ளீச் எதுவும் கிட்டே வரக் கூடாது. "கல்யாணத்துக்குள்ள முழுசா சரியாகாதும்மா. பொய் சொல்ல விரும்பல" என்றார்.

"பரவால்லீங்க டாக்டர். எனக்குப் பொய் சொல்லாதவங்க ஒருத்தராவது வேணும்" என்றாள் தாரணி.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆறு நாளாக வீடு வீடாகப் போகிறேன். தாரணி போக மீதி பதினெட்டுப் பேர். மாஸ்க் இல்லாமல் போகிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தியின் புருஷன் போலீஸுக்குப் போவேன் என்றார். போங்க என்றேன். டீச்சர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, டாக்டர் நம்பர் வாங்கிக்கொண்டு, "நீங்களாவது வந்து சொன்னீங்க" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

மீதிப் பேரின் கதைதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "இருக்கற டப்பாவ முடிச்சுட்டு நிறுத்திக்கறனே, வீணாப் போகுதில்ல" என்கிறாள் ஒருத்தி. "எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே, நீங்க எதுக்கு பயமுறுத்தறீங்க?" என்கிறாள் இன்னொருத்தி, கன்னத்தில் சிவப்பு நரம்பு கோலம் போட்டிருக்கிறது, மீசையும் முளைத்திருக்கிறது! மூன்றாமவள் ஒருபடி மேலே போய், "நீங்க குடுக்காட்டிப் போங்க, பஸ் ஸ்டாண்டு பார்லர்ல இதே க்ரீம் கெடைக்குது" என்றாள். நாலு வருஷம் நான் என்ன சொன்னாலும் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை.

சம்பத்தண்ணனிடமும் போனேன். சீட்டு இல்லாமல் அந்த ட்யூபை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். "நான் குடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவாங்கம்மா" என்றார். நான் ஜூலை 12 அன்று இந்த நோட்டில் எழுதியதும் இதே நியாயம்தான்.

இன்று முகத்தில்: அதே இரண்டு, நிறைய வெயில்.

ஆகஸ்ட் 20, புதன்

கடைக்கு மூன்று நாளாக ஒரு ஆள் வரவில்லை. தாரணி கல்யாணத்துக்குத் திருப்பூரிலிருந்து வேறு மேக்கப்காரம்மாவை ஏற்பாடு செய்துவிட்டார்களாம். செய்யட்டும். செய்யாமல் என்னையா கூப்பிடுவார்கள்?

இதை எழுதிவிட்டு அழுதேன். அழுதால் கன்னம் இன்னும் எரிகிறது. அழக்கூட வக்கில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

தாரணி போன் செய்தாள். இருபத்திரண்டு நாளில் முதல் தடவை.

"அந்த மேக்கப்காரங்க வந்து பாத்தாங்க. மூணு பூச்சுப் போட்டு மறைச்சர்றேன்னாங்க. சும்மா தொட்டுப் பாத்ததுக்கே பத்திட்டு எரிஞ்சுது. வேண்டாம்னு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை நீங்க வாங்க."

"நானா? அம்மா என்ன சொல்லுவாங்க கண்ணு?"

"எது எரியும், எது எரியாதுன்னு உங்களுக்குத்தான தெரியும்? நீங்க பண்ணினதுக்கு நீங்கதான் வரோணும்" என்றாள். மன்னித்த குரல் இல்லை அது. வேலைக்குக் கூப்பிடுகிற குரல்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஐந்து மணிக்கே மண்டபம் போய்விட்டேன். சிவகாமியக்கா என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல நகர்ந்தார்.

தாரணி முகத்தில் வீக்கம் போயிருந்தது, சீழ் இல்லை. சிவப்பு மட்டும் இரண்டு கன்னத்திலும் அப்படியே. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தடவி, அது ஊறும் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். பவுடர் இல்லை, பூச்சு இல்லை. கண்ணுக்கு மை, உதட்டுக்குக் கொஞ்சம் நிறம். சடையை நிதானமாகப் பின்னி, பூ வைத்தேன். பதினோரு வருஷத் தொழிலில் இவ்வளவு குறைவாக யாருக்கும் போட்டதில்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஏழெட்டுப் பெண்களோடு அறைக்குள் வந்தார். பெண்ணைப் பார்த்தார். "ஏனுங், பொண்ணுக்கு மூஞ்சியில என்னுங் ஆச்சு? போட்டோல இப்பிடி இல்லீங்களே. எதாச்சும் சீக்கா? எங்ககிட்டச் சொல்லவே இல்ல?"

சிவகாமியக்கா முகம் வெளுத்துப்போனது. "அது வந்துங்... வெயிலுங்... சூடு..."

எனக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியாது. "சீக்கில்லீங்க. நான் பண்ணினதுங்க" என்றேன். அறையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். "நான் பார்லர்காரி. மருந்து கலந்த க்ரீமைச் சொல்லாமக் குடுத்தேன். கெட்டதுன்னு தெரிஞ்ச பொறவும் குடுத்தேன். இந்தப் புள்ள மேல, இவங்க வீட்டு மேல ஒரு தப்பும் இல்லீங்க. என்ற மூஞ்சியையும் பாத்துக்கோங்க, அதே க்ரீம்தான்."

பெரியம்மா என்னைப் பார்த்தார், தாரணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நல்ல காரியம் பண்ணினீங்க போங்க" என்றார். எதைச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு தாரணியின் தாடையைப் பிடித்துத் தூக்கி, "எரியுதா சாமி?" என்று கேட்டார்.

"கொஞ்சமுங்க அத்தை."

"மணவறையில புகை வருமே. டேய், யாராச்சும் அந்தப் பக்கம் ஒரு ஃபேன் போடுங்கடா!" என்று வெளியே பார்த்துச் சத்தம் போட்டார்.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. தாரணி கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். "அப்பறம் அழுங்க்கா. சடங்கு பண்ற அருமைக்காரர் கூப்பிடறாரு. பொட்ட வைங்க" என்றாள்.

வைத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பத்து மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். எங்கோ பார்த்த முகம். வெள்ளிக்கிழமை அந்த அறையில் பெரியம்மாவுக்குப் பின்னால் நின்றவர். நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டவர்.

உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். குரலை இறக்கினார். "அந்தக் க்ரீம் ஒரு டப்பா இருக்குதுங்களா?"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறது.

"என்ற பொண்ணுக்கு ஐப்பசியில நிச்சயமுங்க. தாரணி நிச்சயத்துல எப்பிடிப் பளிச்சுனு இருந்தான்னு போட்டோல பாத்தனுங்க. ஒரே மாசம் போட்டுட்டு நிறுத்திக்கறமுங்க."

"நான் அன்னிக்குச் சொன்னது கேக்கலீங்களா? என்ற மூஞ்சி தெரியலீங்களா?"

"அது உங்க ஒடம்புக்கு ஒத்துக்கல போலிருக்குதுங்க" என்றார் பரிதாபமாக.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லை என்றேன். கொடுக்கவே மாட்டேன் என்றேன். கும்பிட்டுக்கூடக் கேட்டேன். சரிங்க என்று எழுந்து போனவர் நேராக நாலு கடை தள்ளி சம்பத்தண்ணன் மெடிக்கலில் ஏறினார்.

கடையைத் திறந்து போட்டபடி ஓடினேன். சம்பத்தண்ணன் அதற்குள் ட்யூபை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். நான் அதன் மேல் கையை வைத்தேன்.

"இதென்னுங்க அக்கிரமம்? நீங்களும் குடுக்க மாட்டீங்க, குடுக்கறவங்களையும் விட மாட்டீங்களா?" என்றார் அந்த அம்மாள். மருந்து வாங்க வந்த நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"வாங்கறதுன்னா வாங்கிக்கோங்க. அதுக்கு முன்னால உங்க பொண்ணு நம்பரக் குடுங்க. அவகிட்டப் பேசோணும்."

"அவகிட்ட எதுக்குங்க? வாங்கறது நானுங்க."

"மூஞ்சி அவளுதுங்க."

அவர் சம்பத்தண்ணனைப் பார்த்தார். சம்பத்தண்ணன் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தார். நான் கையை எடுக்க மாட்டேன் என்று தெரிந்த பிறகு, அந்த அம்மாள் வேண்டா வெறுப்பாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அங்கேயே நின்று அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ஹலோ, யாருங்க?" என்றது சின்னக் குரல்.

நான் யார் என்று சொன்னேன். தாரணி பெயரைச் சொல்லி, அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதை முதல் டப்பாவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.